தையில் மட்டும் பார்த்தோம்

திருநெல்வேலிச் சீமையின் குளங்களைத் தை மாதத்துக் கண்ணால் பார்த்தே பழகிவிட்டோம். ஐப்பசி கார்த்திகை மழையில் குளம் பெருகி, மறுகால் பாய்ந்து, மார்கழிப் பனியில் வரித்தலை வாத்துகள் வந்து இறங்கிய பிறகுதான் நமக்குப் பறவை ஞாபகம் வருகிறது. அப்போது கரை நிறைய ஆள் நிற்கும். படம் எடுப்போம், பட்டியல் போடுவோம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூநாரையைக் காட்டுவோம். பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் பைனாகுலர் பீரோவுக்குள் போய்விடும். வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் அந்தக் குளங்களில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் நம்மிடம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

நாம் என்று நான் சொல்வது இரண்டு கூட்டத்தாரை. நாங்குநேரி, ராதாபுரம், களக்காடு பக்கம் குளத்தங்கரை ஊர்களில் பிறந்து, அந்தத் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளையவைத்துச் சாப்பிட்டவர்கள் ஒரு கூட்டம். பறவை பார்ப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டு லீவு நாளில் அதே கரைகளில் நடப்பவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டிலும் சேர்த்தி உள்ளவர்களும் உண்டு, நான் அப்படி. இங்கே சொல்லப்போகும் குறைகளுக்கு வெளியாள் யாரையும் காரணம் காட்ட முடியாது.

கூழைக்கடாவின் ஆண்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நாம் எதைத் தவறவிட்டோம் என்பது விளங்கும். குளம் நிறைந்த பிறகு, தையிலோ மாசியிலோ, குளத்துக் கருவேல மரங்களில் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுகிறது. முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம். அதன்பின் குஞ்சு கூட்டிலும் கூட்டை ஒட்டியும் மூன்று முதல் ஐந்து மாதம் வரை இருக்கிறது. மாசிக் கடைசியில் இட்ட முட்டை பங்குனிக் கடைசியில் பொரிந்தது என்று வைத்துக்கொண்டால், அந்தக் குஞ்சு தானே பறந்து தானே மீன் பிடிக்க ஆனி தாண்டிவிடும். சிலதுக்கு ஆவணியே ஆகும். மஞ்சள்மூக்கு நாரை இதைவிடச் சீக்கிரம் பறந்துவிடும் என்றாலும், பிந்திக் கூடு கட்டியவற்றின் குஞ்சுகள் வைகாசியிலும் தாயின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். குஞ்சு வயிறு நிறையத் தின்ன வேண்டிய மாதங்களும் குளம் வற்றும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புறப்படுகிற தென்மேற்குக் காற்று மரங்களைப் பிடித்து உலுக்குவதும் அந்த மாதங்களில்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். நமக்குக் காற்றும் எப்போதாவது சாரலும்தான். அதனால் கிழக்கே உள்ள இந்தக் குளங்களுக்கு ஆடி முடியும்வரை கோடைதான்.

இந்தக் கடைசிக் கோடையைப் பார்க்காதவருக்கு அந்த ஆண்டின் பிறப்பு தெரியாது. தையில் நாம் எண்ணுவது தலைகளை. அந்தத் தலைகள் எங்கிருந்து வந்தன, இந்தக் குளத்தில் பிறந்தவை எத்தனை என்பதை அந்த எண் சொல்லாது. ஆனி ஆடியில் மூக்கைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் வாய் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும் அல்லவா? இளசுக்கு அந்த இடைவெளி இருக்காது; வளர வளரத்தான் விழும். கூழைக்கடா இளசின் அலகில் புள்ளி இருக்காது. ஒரு வயது தாண்டிய பிறகுதான் தெரியும். மஞ்சள்மூக்கு நாரையின் இளசு மங்கின பழுப்பு நிறத்தில் நிற்கும், நெஞ்சுப் பட்டையும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. இத்தனை தெளிவாக எழுதி வைத்தது போல நம் கண் முன்னால் நிற்கிறது. இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்று பிரித்து எழுத ஒரு காலைப்பொழுது போதும். நம் நோட்டுப் புத்தகங்களில் அந்தப் பக்கங்கள் இல்லை.

போன ஆடியில் ஒரு குளத்தங்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, இப்பம் என்ன கெடக்குன்னு வந்திய? சீசன் முடிஞ்சிட்டுல்லா. தைக்கு வாங்க, கூட்டம் கூட்டமா நிக்கும்” என்றார். அவருக்குப் பின்னால், கடைசித் தண்ணீர் ஒடுங்கி நிற்கிற ஆழமான கசத்து ஓரத்தில், அலகு மூடிய நத்தைகுத்தி இளசுகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. வாழ்நாள் முழுக்க அந்தக் கரையில் நடந்தவர் அவர். பறவைக்குச் சீசன் உண்டு, அது தையோடு முடிந்துவிடும் என்பது அவர் தானாகக் கண்டுகொண்ட விஷயம் அல்ல. காரில் வந்து போகிற நம்மைப் பார்த்துப் பார்த்து அவர் தெரிந்துகொண்டது அது.

வற்றுகிற குளம் செத்த குளம் என்று நாம் நினைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஆனியில் ஒருநாள் உள்வாயில் இறங்கி நடந்து பார்த்தால் தெரியும். வெளி விளிம்பில் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதற்குள் ஒரு வளையம் கோரையும் புல்லும். அதற்குள் கால் புதைகிற சேறு. அதற்குள் கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர், நடுவில் கசம். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. சேற்று விளிம்பில் பட்டாணி உப்புக்கொத்தி ஓடி ஓடி நின்று கொத்தும். கணுக்கால் தண்ணீரில் சிவந்த நெட்டைக் காலோடு பவளக்காலி. முழங்கால் தண்ணீரில் அலகைத் திறந்தபடி தண்ணீருக்குள் துழாவிக்கொண்டு மஞ்சள்மூக்கு நாரை. கசத்தில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூழைக்கடாவும். குளம் நிறைந்திருக்கும்போது மீன் பரந்து கிடக்கும், பிடிக்கப் பாடு அதிகம். தண்ணீர் ஒடுங்க ஒடுங்க மீனும் ஒடுங்கும். நாரைக்கு ஒரே இடத்தில் நின்று குஞ்சுக்கு வேண்டியதை நிரப்பிக்கொண்டு போக முடியும். தண்ணீர் இறங்குகிற இந்தக் காலத்தை நம்பித்தான் அவை இவ்வளவு நீண்ட பிள்ளைவளர்ப்பையே தொடங்குகின்றன.

காய்ந்த விளிம்பும் வெறும் மண் இல்லை. செம்மூக்கு ஆள்காட்டி அங்கேதான் முட்டை இடுகிறது. கூடு என்று எதுவும் கிடையாது. லேசாகப் பறித்த ஒரு குழி, சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல், சில நேரம் ஆட்டுப் புழுக்கை. நடுவில் நாலு முட்டை, கூர்முனை உள்ளே பார்த்தபடி. மண்ணின் நிறமும் கரும்புள்ளியும் கலந்திருப்பதால் காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குப் படாது. மத்தியான வெயிலில் அந்த மண்ணில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அப்போது தாய் எழுந்து கசத்துக்குப் பறந்து, தண்ணீரில் வயிற்றை அமிழ்த்தி, இறகு நனைய நனைய எடுத்துக்கொண்டு திரும்பி வந்து முட்டைமேல் உட்காரும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இதைச் செய்யும். அடைகாப்பது சூடேற்ற என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே அது முட்டை வெந்துவிடாமல் காப்பாற்றுவது. தண்ணீர் எட்டுகிற தூரத்தில் இல்லாவிட்டால் அந்த முட்டைகளுக்குக் கதி இல்லை.

அந்த மண்ணில்தான் நாம் ஜேசிபியை இறக்கினோம்.

தூர்வாருவதை நான் குறை சொல்லமாட்டேன். நம் முன்னோர் தூர்வாராமல் இந்தக் குளங்கள் இத்தனை காலம் நின்றிருக்காது. கோடையில் உள்வாய் வண்டலை மேலாக வெட்டி மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்கு அடித்தார்கள். வயலுக்கு உரம், குளத்துக்கு ஆழம். சரிவு சரிவாகவே இருந்தது. 2017-ல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோதும், வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு இலவச அனுமதி கிடைத்தபோதும் நாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் வேலை எப்படி நடந்தது என்று போய் நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பல இடங்களில் வண்டல் என்று சொல்லிச் சரளும் சவுடும் போயின. குளத்தின் நடுவே கிணறு மாதிரி செங்குத்தாகக் குழி விழுந்தது. கரை ஓரம் சீவி நிமிர்த்தப்பட்டது. செங்குத்தான குழியில் தண்ணீர் நிற்கும், நாரை நிற்க முடியாது. வற்றும்போது சேறு வளையம் விரியாது; கசத்திலிருந்து நேரே காய்ந்த தரைதான். குஞ்சு பொரித்த ஆள்காட்டி தன் குஞ்சுகளைச் சேற்றுக்கு நடத்திக் கூட்டிப்போக வழி இல்லை. மேலும், மண் அள்ள அனுமதி வருவது சித்திரை வைகாசியில். தரையில் முட்டை இடும் பறவைகளுக்கு அதுதான் காலம். டயர் தடத்தில் எத்தனை கூடு போயிற்று என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. நாம்தான் எண்ணவில்லையே.

அடுத்தது, குளத்து மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலம். ஏலம் எடுத்தவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டியிருப்பார், குத்தகை முடிவதற்குள் போட்டதை எடுக்க வேண்டும். கசத்தில் ஒடுங்கின மீனை மோட்டார் வைத்து இறைத்துக் கடைசிக் குஞ்சு மீன்வரை அள்ளுகிறார். கூழைக்கடா இறங்கினால் வெடி போடுகிறார். ஏல நிபந்தனையில் அதைத் தடுக்க ஒரு வரி இல்லாதபோது அவர் ஏன் நிறுத்த வேண்டும்? ஏலம் விட்டது ஊர். தொகை எவ்வளவு ஏறும் என்று கேட்டோம், கோயில் கொடைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டோம். கசத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவைக்க வேண்டும் என்று எழுதச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆடுமாட்டுக்கும் அந்தத் தண்ணீர்தானே.

மீன் எடுத்து முடிந்ததும் கிழிந்த நரம்பு வலையைச் சேற்றில் போட்டுவிட்டுப் போவது வழக்கம். ஒரு குளத்தில் அப்படிக் கிடந்த வலையில் முக்குளிப்பான் ஒன்று சிக்கியிருந்ததைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு சுற்று, ஒரு காலில் இரண்டு சுற்று. முங்கி முங்கி இழுத்ததில் நரம்பு தோலுக்குள் இறங்கியிருந்தது. உயிர் போய் நேரம் ஆகியிருக்கவில்லை, இறகு ஈரமாகவே இருந்தது. கைக்குள் அடங்குகிற பறவை. அந்த வலைத்துண்டை மடித்து எடுத்து வெளியே போட ஐந்து நிமிடம் ஆகாது. அந்தக் கரை வழியாகத் தினமும் வயலுக்குப் போகிறவர்களும் உண்டு, வாரம் தவறாமல் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களும் உண்டு. வலை நம் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் கிடந்தது.

கண்ணி வைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் ஒடுங்கும்போது பறவையும் ஒடுங்குவதால் பிடிப்பது சுலபம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். கொக்குக்கறியும் உள்ளான்கறியும் எங்கே கிடைக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர், தெரிந்தவர், பாவம் ஏழை என்று நாம் பேசாமல் இருந்தோம். வாங்கித் தின்றவர்கள் ஏழைகள் இல்லை.

இத்தனைக்கும் நாம் பறவைமேல் அன்பில்லாதவர்கள் அல்ல. கூந்தன்குளத்தைப் பாருங்கள். வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் எச்சத்தையும் வாடையையும் பொறுத்துக்கொண்டு வாழ்கிற ஊர். தீபாவளிக்கு வெடி போடாத ஊர். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்த்துவிட்ட ஊர். 1994-ல் சரணாலயம் ஆயிற்று, 2022-ல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் வந்தது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகள் அடைவதை ஊரே காத்து வந்தது. 2005-ல் அது பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகம் ஆனது, நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. இந்தப் பெருமையை நாம் ஊரெல்லாம் சொன்னோம். சொல்லிச் சொல்லியே மற்ற குளங்களைப் பற்றிய கவலையிலிருந்து விடுபட்டுக்கொண்டோம்.

கூந்தன்குளம் சரணாலயத்தின் பரப்பு சுமார் 129 ஹெக்டேர். அங்கே கூடு கட்டுகிற பறவைகள் அத்தனைக்கும் அத்தனை குஞ்சுக்கும் மாதக்கணக்கில் இரை போட அந்தத் தண்ணீரால் ஆகாது. தொட்டில் அங்கே இருக்கிறது, அடுப்பு பக்கத்து ஊர்களில் எரிகிறது. கூழைக்கடா காலையில் வெப்பக்காற்று எழும்வரை காத்திருந்து, வட்டமிட்டு மேலேறி, வெகுதூரம் போய் மீன் பிடித்து வருகிறது. விஜயநாராயணம் போன்ற பெரிய குளங்களும், வரைபடத்தில் பெயர்கூட இல்லாத சின்னக் குளங்களும்தான் அந்தக் குஞ்சுகளை வளர்க்கின்றன. அறிவிப்புப் பலகை இருக்கிற குளத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுகிற நாம், பலகை இல்லாத குளத்தின் கசத்தை இறைத்து வற்ற வைக்கும்போது வேடிக்கை பார்த்தோம். இரை கிடைக்காவிட்டால் தாய்ப்பறவைகள் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். கைவிட்ட கூடு சரணாலயத்தில் கிடக்கும். காரணம் பத்து ஊர் தள்ளி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆடியில் களத்தில் ஆள் வேண்டும்.

மரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளத்துக் கருவேலங்களில் பெரும்பகுதி சமூகக் காடு வளர்ப்பில் நட்டவை, வெட்டி விற்கத்தான் நட்டார்கள். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று குறித்துக் கொடுத்து இதை விடுங்கள் என்று கேட்டிருந்தால் சிலவாவது நின்றிருக்கும். 2017-ல் நீதிமன்ற ஆணையின்படி சீமைக்கருவேலத்தை அகற்றியபோதும் அப்படியே. அந்த மரம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கொக்கும் வக்காவும் கூடு வைத்திருக்கிற மாதத்தில் ஒழிக்க வேண்டுமா என்று கேட்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

பறவை பார்க்கிற கூட்டத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது, ஜனவரியில். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல், அதுவும் ஜனவரியில். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல், பெயரே பொங்கல். இவை எல்லாம் அருமையான வேலைகள்; இவை இல்லாவிட்டால் நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தந்த குறிப்புகளை வைத்து 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தபோது நம் பட்டியலும் அதில் இருக்கிறது என்று பெருமைப்பட்டோம். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்திருக்கின்றன என்று அதே அறிக்கை சொன்னது. குறைகிறது என்பது தெரிந்துவிட்டது. எந்த மாதத்தில், எந்தக் குளத்தில், எதனால் என்பதற்கு நாம்தான் விவரம் தர வேண்டும். நாம் ஜனவரி விவரத்தை மறுபடி மறுபடி தந்துகொண்டிருக்கிறோம். காரணம் நேர்மையாகச் சொன்னால் வெயில். நூற்றுச் சொச்சம் டிகிரி வெயிலில், மூவாயிரம் மைல் பறந்து வந்த வாத்து எதுவும் இல்லாத குளத்தில், உள்ளூர்க் கொக்கின் குஞ்சை எண்ண நமக்கு உற்சாகம் வரவில்லை.

உண்மையில் ஆடியில் விருந்தாளிகளும் வந்துவிடுகிறார்கள். கருப்பு உள்ளானும் பொறி உள்ளானும் வடக்கே சைபீரியப் பக்கம் இனப்பெருக்கம் முடித்து ஆடிக் கடைசியிலேயே இந்தச் சேற்றுக்கு வந்து சேரத் தொடங்கும். முதலில் வருவது பெரும்பாலும் முதிர்ந்தவை, இளசுகள் பின்னால் வரும். அத்தனை தூரம் பறந்த உடம்பு தேறப் புழு நிறைந்த ஈரச்சேறு வேண்டும். நாரை இளசும் சைபீரிய உள்ளானும் ஒரே சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற சில வாரங்கள் அவை. இறைத்து, அள்ளி, செங்குத்தாக்கிய குளத்தில் அந்தச் சேறு இருக்காது.

பறவைக்காகக் கேட்டு வாங்கிய ஊர் முன்பே உண்டு. வேடந்தாங்கல்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட வந்தவர்களுக்கு எதிராக கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, கவுல் என்கிற உறுதிப்பத்திரம் எழுதி வாங்கினார்கள். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத்தில் வாங்கினார்கள். நமக்கு கலெக்டரிடம்கூடப் போக வேண்டியதில்லை. மே 1-லும் ஆகஸ்ட் 15-லும் கிராம சபை கூடுகிறது. ஒன்று மண் அள்ளும் வேலை தொடங்குகிற நேரம், இன்னொன்று ஆடி முடிகிற நேரம். நாம் போய் உட்கார்ந்து தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கேட்டிருக்கிறோம். குளத்துக்காகப் பேசியதில்லை.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. அடுத்த ஏலத்தில், கசத்தைக் கடைசிவரை இறைக்கக் கூடாது, பழைய வலையைச் சேற்றில் விடக் கூடாது என்று இரண்டு நிபந்தனை. மண் அள்ளும் இடத்தைக் குறிக்கும் முன், பறவை தெரிந்த ஒருவர் உள்வாயை ஒரு காலையில் நடந்து பார்த்து, கூடு இருக்கும் இடத்தில் குச்சி நட்டு ஒதுக்கி வைப்பது. ஒரு பக்கமாவது சரிவைச் சரிவாகவே விடுவது. ஆனியிலும் ஆடியிலும் மாதம் ஒருமுறை இளசையும் முதிர்ந்ததையும் பிரித்து எண்ணி ஊராட்சி அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது; இது பறவை பார்க்கிறவர்கள் பாடு. ஏலத்தொகை குறைந்துபோகுமே என்று யாராவது எழுந்து கேட்பார்கள். கொஞ்சம் குறையும். குறைகிற தொகையை ஊர் எப்படிச் சரிக்கட்டுவது, கோயில் கொடைக்கு வேறு வரி போடலாமா, பறவை பார்க்க வருகிற நாங்கள் எவ்வளவு தர முடியும் என்பதைச் சபையிலேயே வைத்துப் பேசுவோம்.